பள்ளி, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை மூன்றும் பக்கத்தில் இருக்கும் இடம் எது? வரைபட லேயர்கள் பற்றி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், திருவையாறு, நீடாமங்கலம் பக்கம் ஆசிரியர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் கணினியில் வரைபடம் போடச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலானவர்கள் ஒரே வேலைக்காகத்தான் வருகிறார்கள். தங்கள் ஊரில் எந்தத் தெருவுக்கு எல்லா வசதியும் பக்கத்தில் இருக்கிறது, எந்தத் தெருவுக்கு இல்லை என்று காட்ட வேண்டும். கேள்விகளும் திரும்பத் திரும்ப அதேதான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

லேயர்னா என்ன சார்? எல்லாத்தையும் ஒரே மேப்புல போட்டா ஆகாதா?

பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் கண்ணாடித் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் பள்ளிகள் மட்டும், இன்னொன்றில் ஆரம்ப சுகாதார நிலையங்கள், மூன்றாவதில் ரேஷன் கடைகள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் மூன்றும் சேர்ந்து தெரியும். இந்தத் தாள் ஒவ்வொன்றும் ஒரு லேயர்.

தனித்தனியாக வைத்திருந்தால்தான் தனித்தனியாகக் கேள்வி கேட்க முடியும். பள்ளிக்கு 1 கி.மீ., ஆஸ்பத்திரிக்கு 5 கி.மீ. என்று வேறு வேறு தூரம் கொடுக்க வேண்டியிருக்கும். எல்லாப் புள்ளியையும் ஒரே லேயரில் கொட்டிவிட்டால் அப்புறம் பிரித்தெடுப்பதே தனி வேலையாகிவிடும்.

இதுக்குக் காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்கணுமா?

வேண்டாம். கியூஜிஐஎஸ் போதும். 2002-ல் தொடங்கிய திறமூல மென்பொருள் இது, செலவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஒரு ஒன்றியம் அளவுக்கு வேலை செய்ய சாதாரண லேப்டாப்பே தாங்கும்.

பள்ளி, ஆஸ்பத்திரி இருக்கிற இடமெல்லாம் எங்கிருந்து எடுக்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004 முதல் தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்து வரும் உலக வரைபடம் அது. கியூஜிஐஎஸ்ஸில் குவிக்ஓஎஸ்எம் என்ற பிளகினை, அதாவது கூடுதல் வசதியை, போட்டுக்கொண்டால் 'இந்த எல்லைக்குள் இருக்கும் பள்ளிகளைக் கொடு' என்று நேரடியாகக் கேட்கலாம். இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. சில பள்ளிகள் புள்ளியாகக் குறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றுக்கு வளாகச் சுவரையே சுற்றி வரைந்திருப்பார்கள். இரண்டும் தனித்தனி லேயராக இறங்கும். புள்ளி லேயரை மட்டும் வைத்துக்கொண்டால், வளாகம் வரைந்த பெரிய பள்ளிகளெல்லாம் விட்டுப்போகும். வளாகங்களுக்கு நடுப்புள்ளி எடுத்து, புள்ளி லேயரோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நம் கிராமங்கள் நிறையவே விடுபட்டிருக்கின்றன. அதனால் துறைப் பட்டியலோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். அரசு அலுவலகத்திலிருந்து வரும் பட்டியல் வானவில் எழுத்துருவில் இருந்தால் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். முகவரி மட்டும் இருந்து இடக்குறிப்பு இல்லாவிட்டால், போனை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் குறித்து வருவதுதான் வழி. ஒரு ஊராட்சிக்கு இரண்டு பேர் பைக்கில் போனால் அரை நாளில் முடியும்.

எத்தனை கிலோமீட்டர் வைக்கணும்னு யார் முடிவு பண்றது?

பள்ளிக்குச் சட்டமே சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான 2010 மத்திய மாதிரி விதிகள்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு 1 கி.மீ.க்குள்ளும், 6 முதல் 8 வரை 3 கி.மீ.க்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துத் தொடங்குங்கள். உங்கள் வரைபடத்தை யாராவது கேள்வி கேட்டால் காட்ட ஆதாரம் இருக்கும்.

சுகாதார நிலையத்துக்கான அளவுகோல் மக்கள்தொகை. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அது தூரமாக இல்லாததால் நீங்களே ஒரு தூரத்தை வைத்துக்கொண்டு காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும். நான் துணை நிலையத்துக்கு 2 கி.மீ. வைப்பேன். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்கு நடந்து போகும் தாயை நினைத்து வைத்த தூரம் அது. உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம். ஊர்ப் பெண்களைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

பஃபருக்கு 2-ன்னு போட்டேன், மதுரை வரைக்கும் மூடிடுச்சு. என்ன தப்பு?

பஃபர் என்றால் ஒரு புள்ளியைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குப் போடும் வட்டம். நீங்கள் 2 கி.மீ. என்று நினைத்துப் போட்டதை மென்பொருள் 2 பாகை என்று எடுத்துக்கொண்டது. இறக்கிய தரவு அட்சரேகை, தீர்க்கரேகையில் இருப்பதுதான் காரணம். நம் பக்கத்தில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 110 கி.மீ. அப்படிப் பார்த்தால் கும்பகோணத்தைச் சுற்றி 2 பாகைக்குள் மதுரையும் வரும், சேலமும் வரும், யாழ்ப்பாணமும் வரும்.

முதலில் எல்லா லேயரையும் மீட்டர் கணக்கில் இடத்தைக் குறிக்கும் அமைப்புக்கு மாற்றுங்கள். மீட்டரில் அளக்க உலகத்தைப் பிரித்திருக்கும் யூடிஎம் மண்டலங்களில் டெல்டா முழுவதும் 44 வடக்குக்குள் வருகிறது; மென்பொருளில் அதன் எண் ஈபிஎஸ்ஜி 32644. ரீபுரொஜெக்ட் லேயர் என்ற கருவியால் மாற்றிவிட்டு, பஃபரில் 2000 என்று மீட்டரில் கொடுங்கள். கீழே ப்ராஜெக்டின் அமைப்பை மட்டும் மாற்றினால் போதாது. அது திரையில் காட்டும் விதத்தை மாற்றுமே தவிர லேயரின் எண்கள் அப்படியேதான் இருக்கும்.

எங்க பள்ளிக்கூடம் எல்லாம் வடதுருவத்துக்குப் பக்கத்துல போய் நிக்குது சார்!

எக்செல் பட்டியலை ஏற்றும்போது எக்ஸ், ஒய் இடம் மாறிவிட்டது. தஞ்சாவூர் 10.78 வடக்கு, 79.13 கிழக்கு. இதைத் திருப்பிப் போட்டால் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் போய் விழும். எக்ஸ் என்றால் தீர்க்கரேகை, அதாவது 79-ல் தொடங்கும் எண். ஒய் என்றால் 10 அல்லது 11-ல் தொடங்கும் எண். டெல்டாவில் வேலை செய்கிறவர்கள் இந்த எண்களைப் பஸ் நம்பர் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டால் பாதிப் பிழையைப் பார்த்தவுடனே பிடித்துவிடலாம்.

வட்டம் எல்லாம் போட்டாச்சு. மூணும் சேர்ற இடத்தை எப்படி வெட்டி எடுக்கிறது?

இன்டர்செக்‌ஷன் கருவி. முதலில் பள்ளி வட்டத்தையும் சுகாதார நிலைய வட்டத்தையும் கொடுங்கள். இரண்டிலும் அடங்கும் நிலம் புது லேயராக வரும். அதையும் ரேஷன் கடை வட்டத்தையும் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். கடைசியில் மிஞ்சுவதுதான் மூன்றும் பக்கத்தில் இருக்கும் இடம். எதை முதலில் கொடுத்தாலும் வரும் பரப்பு மாறாது.

ஆனால் அதற்கு முன்பு, பஃபர் போடும்போதே டிஸால்வ் என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் 40 துணை நிலையத்துக்கு 40 தனி வட்டம் நிற்கும். 2 கி.மீ. வட்டம் ஒன்று ஏறத்தாழ 12.5 சதுர கி.மீ.; நாற்பதையும் கூட்டினால் 500 சதுர கி.மீ. நம் ஊர்கள் நெருக்கமானவை, வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் நிற்கும். ஒரே நிலத்தை நான்கைந்து முறை எண்ணிய கணக்காகிவிடும் அது. டிஸால்வ் செய்தால் எல்லாம் ஒட்டி ஒரே பரப்பாகும்.

இன்டர்செக்‌ஷன் ஓட்டினா காலியா வருது, இல்லன்னா எரர் வருது.

எரர் வந்தால் பெரும்பாலும் வரைந்த எல்லைக்கோடு தன்னைத் தானே வெட்டிக்கொண்டிருக்கும். ஃபிக்ஸ் ஜியோமெட்ரீஸ் கருவியை ஒரு தடவை ஓட்டிவிட்டு மறுபடி முயலுங்கள்.

காலியாக வந்தால் எல்லா லேயரும் மேலே சொன்ன 32644-ல்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். லேயரை ஷேப்ஃபைல் என்ற கோப்பாக வாட்ஸ்அப்பில் வாங்கியிருந்தால், அது எந்த அமைப்பில் இருக்கிறது என்று சொல்லும் பிஆர்ஜே கோப்பும் கூட வந்ததா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் காலி என்றால், மூன்றும் சேரும் இடம் நிஜமாகவே இல்லை. அதை மறைக்க வேண்டாம். உங்கள் ஊருக்குக் கிடைத்த முக்கியமான பதில் அது.

மூணுல ரெண்டு இருந்தாலே எங்களுக்குப் போதும். அப்போ?

இன்டர்செக்‌ஷன் எல்லாம் இருந்தால்தான் ஒத்துக்கொள்ளும். 'எத்தனை இருக்கிறது' என்று எண்ண வேண்டுமானால் யூனியன் கருவி. டிஸால்வ் செய்த ஒவ்வொரு வட்ட லேயரின் அட்டவணையிலும் ஒரு புதுப் பத்தி சேர்த்து அதில் 1 என்று போடுங்கள். மூன்றையும் யூனியன் செய்து, மூன்று பத்தியையும் கூட்டினால் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் 1, 2, 3 என்று மதிப்பெண் கிடைக்கும்.

கூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். வட்டத்துக்கு வெளியே இருக்கும் துண்டுக்கு அந்தப் பத்தியில் 0 வராது. நல் என்று வெறுமையாக நிற்கும். வெறுமையோடு எதைக் கூட்டினாலும் விடை வெறுமைதான். கோலெஸ் என்ற சார்பைப் போட்டு வெறுமையை 0 ஆக்கிய பிறகு கூட்டுங்கள்.

நடுவுல ஆறு ஓடுதே சார், வட்டம் அதைப் பார்க்குமா?

பார்க்காது. எனக்கு வரும் கேள்விகளில் இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். கல்லணையில் பிரியும் காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும், அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்துகொண்டே போய், கடைசியில் ஒவ்வொரு தெருவுக்கும் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடும் மண் இது. வட்டம் காக்கை பறக்கும் தூரம். நம் பிள்ளைகள் நடக்கும் தூரம் பாலம் எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்தது.

ஒரு குடியிருப்பைச் சொல்கிறேன். வரைபடத்தில் தொடக்கப்பள்ளிக்கு 600 மீட்டர். 1 கி.மீ. வட்டத்துக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. நேரில் போனபோது நடுவில் ஒரு பாசன ஆறு. குறுக்கே இரண்டு தென்னை மரத்தை வெட்டிப் போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு மூங்கிலைக் கட்டியிருந்தார்கள். மரத்தின் மேல்பக்கம் பாசி ஏறியிருந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மூங்கிலைப் பிடித்து, பக்கவாட்டில் ஓரடி ஓரடியாக நகர்ந்து வந்தது. தண்ணீர் கூடும் நாளில் மரம் முழுகிவிடும். அப்போது சட்ரஸ் எனப்படும் மதகுப் பாலம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும் என்றார்கள். நடந்து அளந்தோம். 2.6 கி.மீ.

அந்தக் குடியிருப்பு எங்கள் வரைபடத்தில் பச்சையாக இருந்தது. அன்று மாலையே சிவப்பாக மாற்றினோம்.

அப்போ பஃபரே வேண்டாமா? வேற என்ன வழி?

முதல் வடிகட்டலாக பஃபர் நல்லது. வட்டத்துக்கு வெளியே விழும் இடம் நிச்சயமாகத் தூரம்தான், அதில் சந்தேகமில்லை. உள்ளே விழும் இடத்தைத்தான் நம்பிவிடக் கூடாது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் நேர்கோட்டில் ஏறத்தாழ 33 கி.மீ.; சாலையில் 40. நல்ல சாலை இருக்கும் இடத்திலேயே இவ்வளவு வித்தியாசம்.

இரண்டாம் கட்டமாகச் சாலை லேயரை எடுத்து, கியூஜிஐஎஸ்ஸின் சர்வீஸ் ஏரியா கருவியை ஓட்டுங்கள். பள்ளியிலிருந்து சாலை வழியாக 1,000 மீட்டருக்குள் போகக்கூடிய தெருக்கள் கோடுகளாக வரும். அந்தக் கோடுகளுக்கு இரண்டு பக்கமும் 100 மீட்டர் பஃபர் போட்டால் பரப்பாகிவிடும். அப்புறம் முன்பு சொன்ன டிஸால்வ், இன்டர்செக்‌ஷன் எல்லாம் அதே முறைதான்.

இதுவும் சாலை லேயர் சரியாக இருந்தால்தான் பலிக்கும். நடைபாலம், மதகு மேல் போகும் வழி, ஆற்றங்கரைப் பாதை இவையெல்லாம் வரைபடத்தில் பெரும்பாலும் இருக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி நீங்களே சேர்த்துவிடலாம். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் அது உதவும். தென்னை மரப் பாலத்தைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேருங்கள், ஆனால் உங்கள் கணக்கில் அது இல்லாமல் ஒரு தடவையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஊருக்குப் பாலம் வேண்டும் என்பதற்கான சாட்சி.

தண்ணி இருக்கிறப்போ ஒரு தூரம், வெயில் காலத்துல ஒரு தூரமா இருக்கே?

ஆமாம், இங்கே அப்படித்தான். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது. மூடிய பிறகு வாய்க்காலில் இறங்கி நடக்கலாம், வயலுக்குள் குறுக்கே போகலாம், கொள்ளிட மணலைக்கூட நடந்து கடக்கிறவர்கள் உண்டு. நடவுக்குப் பிறகு அந்த வழிகள் எல்லாம் அடைபட்டுவிடும். பள்ளிக்கூடம் நடப்பது பெரும்பாலும் தண்ணீர் ஓடும் மாதங்களில்தான். அதனால் தண்ணீர்க் காலத்து வழியையே கணக்குக்கு எடுங்கள்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை ஒரு லேயராகப் போட நிறையப் பேர் விரும்புகிறார்கள். அவற்றில் பல அறுவடை நேரத்தில் மட்டும் திறப்பவை. குறுவைக்கு ஒரு லேயர், சம்பாவுக்கு ஒரு லேயர் என்று தனித்தனியாக வைத்து, எந்த ஆண்டின் பட்டியல் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். போன வருடம் திறந்த களத்தில் இந்த வருடம் திறப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எங்க மாவட்டம் வரைக்கும் மட்டும் வெட்டிட்டு வேலை செய்யலாமா?

கடைசியில் வெட்டுங்கள், முதலிலேயே வெட்டாதீர்கள். எல்லையோர ஊருக்கு மிக அருகில் இருக்கும் ஆஸ்பத்திரி அடுத்த மாவட்டத்தில் இருக்கலாம். அதை வெட்டி எறிந்துவிட்டு வட்டம் போட்டால் அந்த ஊர் ஆஸ்பத்திரியே இல்லாத ஊராகத் தெரியும். நீங்கள் வைக்கும் தூரத்தில் மிகப் பெரியது 5 கி.மீ. என்றால், எல்லைக்கு வெளியே குறைந்தது 5 கி.மீ. வரை புள்ளிகளை எடுத்துக்கொண்டு, வட்டமெல்லாம் போட்ட பிறகு மாவட்ட எல்லைக்கு வெட்டுங்கள்.

காரைக்கால் ஓரத்தில் இன்னும் நுணுக்கம் தேவை. ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு, ஆனால் அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. நாகப்பட்டினம் மாவட்டத்து எல்லையோர ஊர்க்காரர் அவசரத்துக்கு அங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போவார். தமிழ்நாட்டு ரேஷன் கார்டோடு அந்தப் பக்கத்துக் கடையைத் தன் ஊர்க் கடைபோல நினைத்துப் போக முடியாது. அதனால் ஆஸ்பத்திரி லேயரில் காரைக்காலைச் சேர்த்தும், ரேஷன் கடை லேயரில் விட்டும் வையுங்கள். மேலே முதல் கேள்வியில் சொன்ன தனித்தனித் தாளின் பயன் இங்கேதான் முழுசாகத் தெரியும்.

எல்லைக் கோப்பின் வயதையும் பாருங்கள். மயிலாடுதுறை 2020-ல்தான் தனி மாவட்டமானது. பழைய கோப்பில் அது நாகப்பட்டினத்துக்குள்தான் இருக்கும்.

பச்சைப் பகுதியில எத்தனை பேர் இருக்காங்கன்னு சொல்ல முடியுமா?

சுலபமாக முடியாது. கையில் இருக்கும் கிராமவாரி மக்கள்தொகை 2011 கணக்கெடுப்புடையது. வருவாய்க் கிராமத்தில் 40 சதவீதப் பரப்பு வட்டத்துக்குள் வந்தால் 40 சதவீத மக்களும் வந்துவிட்டதாகக் கணக்குப் போடுகிறார்கள். டெல்டாவில் அது பொருந்தாது. பரப்பில் பெரும்பகுதி வயல். வீடுகள் ஆற்றங்கரையிலும் சாலையோரத்திலும் கொத்துக் கொத்தாக இருக்கும்.

அதைவிட மனதை உறுத்துவது ஒன்று உண்டு. கிராமத்துக்கு ஒரு புள்ளி என்று வைக்கும்போது அந்தப் புள்ளி பெரும்பாலும் கோயிலும் குளமும் உள்ள ஊர்த்தெருவில் விழுகிறது. தலித் மக்கள் வாழும் காலனி வயலுக்கு அந்தப் பக்கமோ வாய்க்காலுக்கு அந்தப் பக்கமோ தள்ளி இருக்கும். ஊர்த்தெருவுக்கு அளந்த தூரத்தை அவர்கள் தலையிலும் எழுதிவிடுகிறோம். தயவுசெய்து ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனிப் புள்ளி வையுங்கள். செயற்கைக்கோள் படத்தில் கூரைகள் தெரியும். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு புள்ளி போட்டு, ஊரில் கேட்டுப் பெயரும் வீட்டு எண்ணிக்கையும் எழுதுங்கள். வேலை கூடும்தான். இதைச் செய்யாமல் போடும் வரைபடத்தை நான் யாரிடமும் காட்டுவதில்லை.

புதுசா ஒரு துணை சுகாதார நிலையம் எங்க கட்டலாம்னு இது சொல்லுமா?

எங்கே இல்லை என்று சொல்லும். டிஃபரன்ஸ் கருவியில் ஊராட்சி எல்லையைக் கொடுத்து, சுகாதார நிலையத்தின் பரப்பை அதிலிருந்து கழியுங்கள். மிஞ்சும் இடத்தில் எந்தெந்தக் குடியிருப்புப் புள்ளிகள் விழுகின்றன என்று பாருங்கள். புள்ளி எதுவும் விழாத பெரிய வெள்ளைப் பரப்பு வயலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். எந்த இடத்தில் கட்டுவது என்பதற்குப் புறம்போக்கு நிலம், மழைத் தண்ணீர் நிற்காத மேடு, பஸ் நிற்கும் இடம் எல்லாம் பார்க்க வேண்டும். அவற்றையும் லேயராகச் சேர்க்கலாம், ஆனால் வெள்ளம் எதுவரை வந்தது என்பதை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுத்தான் வரைய முடியும்.

கிராம சபையில இதைக் காட்டினா ஏத்துக்குவாங்களா?

காட்டுங்கள். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏ3 தாளில் அச்சடித்து எடுத்துப் போங்கள். வெயிலில் புரொஜெக்டர் தெரியாது. வட்டங்களை எல்லாம் நீக்கிவிட்டு ஆறு, வாய்க்கால், பாலம், தெருப் பெயர், கோயில், மாரியம்மன் திடல், பஸ் ஸ்டாப் இவற்றை வையுங்கள். சிவப்புத் தெருக்களின் பெயரும், ஒவ்வொன்றிலிருந்தும் நடந்து அளந்த தூரமும் ஓரத்தில் பட்டியலாக இருக்கட்டும். எந்தத் தேதியில் எடுத்த தரவு, என்ன தூரம் வைத்தோம் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள்.

ஒரு பேனாவும் கூடவே வையுங்கள். நான் போன இடங்களில் எல்லாம் யாராவது ஒருவர் எழுந்து வந்து, தாளில் விரலை வைத்து, 'இந்த மதகு இடிஞ்சு போய் ரெண்டு வருஷம் ஆச்சு' என்பார். அதை அங்கேயே தாளில் குறித்துக்கொண்டு வந்து, சாலை லேயரில் அந்தத் துண்டை நீக்கிவிட்டு, சர்வீஸ் ஏரியாவை மறுபடி ஓட்டுங்கள்.